ஸ்பீக்கர் மீது பழி போடும் முன்

ஐயா,

காரில் புதிய ஸ்டீரியோவைப் பொருத்திய கையோடு ஒலி சரியில்லை என்று கடைக்குத் திரும்புபவர்களிடம், ஸ்பீக்கரை மாற்றச் சொல்லி அடுத்த பில்லைப் போடுவது வழக்கமாகிவிட்டது. குறை பெரும்பாலும் வயரிங்கில்தான் இருக்கும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி ஏறிக்கொண்டே போனால், அது, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் இரைச்சல். கறுப்பு நிற எர்த் வயரை டேஷ்போர்டுக்குள், பெயின்ட் படிந்த ஏதோ ஒரு ஸ்க்ரூவில் அவசரமாகச் சுற்றிவிட்டிருப்பதே இதற்குப் பொதுவான காரணம். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, வெறும் தகட்டில் ரிங் டெர்மினல் (வயர் நுனியில் மாட்டும் வளையம்) வைத்து இறுக முடுக்கினால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரும் இருந்தால், ஸ்டீரியோவிலிருந்து அதற்கு ஒலி சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளைப் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல், காரின் மறுபக்கமாகக் கொண்டுபோக வேண்டும்.

பாட்டில் பேஸ் (கனத்த அடித்தொனி) மட்டும் செத்துக் கிடந்தால், ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீரியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயர்களில் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை, பிளஸுக்குப் பிளஸாக ஒரு நொடி தொட்டால் ஸ்பீக்கரின் கோன் (நடுவே அதிரும் கூம்பு) வெளியே தள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் இணைப்பு தலைகீழ். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும். கடைகளில் அதற்குத்தான் பஞ்சம்.

காரோடு வந்த கம்பெனி வயரை வெட்டி டேப் சுற்றாமல், அந்தந்த மாடலுக்குரிய கப்ளரை (செருகி இணைக்கும் பிளக்கை) கொண்டே இணைத்ததாகக் கடைக்காரர்கள் பில்லில் எழுதித் தர வேண்டும். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி