பெரியவனுக்கு 12 வயது என்பதையும் சேர்த்துக்கொள்

அன்புள்ள மகளுக்கு,

கம்பெனி மாற்றலில் டல்லாஸுக்குப் போவதா மியூனிக்குக்குப் போவதா என்று முடிவு செய்ய நீ அனுப்பிய எக்செல் தாளை அப்பாவும் நானும் பார்த்தோம். டல்லாஸ் ஒரு பக்கம், மியூனிக் ஒரு பக்கம். சம்பளம், வரி, வாடகை எல்லாம் போட்டிருக்கிறாய். மாப்பிள்ளையின் கார் கடனைக்கூட விடவில்லை. பெரியவனுக்கு 12 வயது என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை. விசா உன் பெயரில்தான் வரும். ஆனால் அது எப்போது முடிகிறது என்பதை அவன் வயதோடு வைத்துப் பார்.

அமெரிக்காவுக்கு எல்-1பி-யில், அதாவது கம்பெனி தன் ஆளையே அங்குள்ள கிளைக்கு மாற்றும் விசாவில், அனுப்புகிறார்கள் என்றாய். அதற்கு 5 வருஷம்தான் உச்சவரம்பு. அப்போது அவனுக்கு 17, பிளஸ் டூ நேரம். நடுவில் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறாய். அது குலுக்கல். விழுந்தாலும், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டின் வரிசையைப் பிறந்த நாட்டை வைத்துப் பிரிக்கிறார்கள், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று. உன்னைப் போல வேலைக்குப் போய் பத்து வருஷத்துக்கு முன்னால் விண்ணப்பித்த நம் ஆட்களே இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவனுக்கு 21 ஆனதும் உன்னைச் சார்ந்தவன் என்ற அனுமதி போய்விடும். தனியாக மாணவர் விசா எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை வயதில் கழிக்க 2002-இல் ஒரு சட்டம் வந்தது. நம் வரிசையின் நீளத்துக்கு அது எம்மாத்திரம்? அங்கே போனால் பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் இருக்கும், மாப்பிள்ளையும் வேலைக்குப் போகலாம். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த பையனை அங்கே விட்டுவிட்டு நீ இங்கே, அல்லது நீ அங்கே அவன் இங்கே என்று ஆகிவிடக் கூடாது.

சரி, ஜெர்மனி என்றதும் எல்லாம் ஒரே விசா என்று நினைத்துவிடாதே. உன் கம்பெனி சொல்வது ஐசிடி கார்டு, கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகிப் போகிறவர்களுக்கான அனுமதி. சம்பளம் இந்தியக் கம்பெனியின் ஒப்பந்தத்திலேயே ஓடும், 3 வருஷத்தோடு முடியும். பெரியவன் பத்தாம் வகுப்பு வயதில் திரும்பி வந்து நிற்பான், இரண்டு பாடத்திட்டத்துக்கும் நடுவில். அந்த வயதில் பள்ளி மாற்றுவது எந்தப் பிள்ளைக்கும் தாங்காத காரியம். மியூனிக் கிளையிலேயே உள்ளூர் ஒப்பந்தம் கொடுக்கச் சொல், ப்ளூ கார்டில் போ, அது படித்த வேலைக்காரர்களுக்கு அங்கே கொடுக்கும் அனுமதி. ஜெர்மன் மொழி ஏ1 என்ற ஆரம்ப நிலை அளவுக்குத் தெரிந்தால் 27 மாதத்தில், பி1 என்ற நடு நிலையை முடித்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், அங்கே ஓய்வூதியப் பிடித்தம் ஒழுங்காகக் கட்டியிருந்தால். அப்போது அவனுக்கு 14, 15தான் ஆகியிருக்கும். மாப்பிள்ளைக்கும் முதல் நாளிலிருந்தே வேலை செய்ய அனுமதி உண்டு. 'அப்புறம் பார்க்கலாம்' என்று உள்ளூர் ஒப்பந்தத்தை எச்ஆர் தள்ளிப்போட்டால் விடாதே. கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

எனக்குக் கவலை பள்ளிக்கூடம்தான். பவேரியாவில் 4-ஆம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளை மூன்று வகைப் பள்ளிகளாகப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி கிம்னாசியம். இவன் ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாமல் போய் இறங்கினால் முதலில் மொழி வகுப்பில்தான் உட்கார வேண்டியிருக்கும். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் கேள்வியே புரியாவிட்டால் என்ன செய்வான்? சர்வதேசப் பள்ளி என்றால் வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு 20,000 யூரோவைத் தாண்டுகிறது. கம்பெனி கட்டுமா என்று இப்போதே கேள். கட்டாது என்றால் இந்த வாரமே அவனை ஜெர்மன் படிக்க நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் சேர்த்துவிடு. போவதென்றால் சீக்கிரம் போங்கள். 'அவன் எட்டாவது முடிக்கட்டும்' என்று மாப்பிள்ளை சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. சின்னவளைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஐந்து வயதுக்காரி, ஆறு மாதத்தில் உன் ஜெர்மனையே திருத்துவாள்.

ஜெர்மனியில் மருத்துவக் காப்பீட்டுக்கு அரசுத் திட்டத்தையே எடு. வருமானம் இல்லாத கணவரும் பிள்ளைகளும் உன் பெயரிலேயே கூடுதல் கட்டணமில்லாமல் வந்துவிடுவார்கள். தனியார் காப்பீடு இளம் வயதில் மலிவாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

ஜெர்மனியில் 2024 மார்ச் 1-லிருந்து வேலைக்கான முதல் அனுமதி வாங்குபவர்கள் பெற்றோரையும் அழைத்துக்கொள்ளலாம் என்று அப்பா எங்கேயோ படித்துவிட்டு மூன்று நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் வயதுக்கு அங்கே காப்பீடு கிடைப்பதே பாடு. எங்களுக்காக எதையும் முடிவு செய்யாதே.

இன்னொன்று. சின்னவள் தாய்வீட்டுப் பிரசவத்தில் இங்கே திருச்சியில் பிறந்தவள். அவள் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் என்ற இடம் வெறுமையாகவே இருக்கிறது. பிறப்புப் பதிவுப் பிரிவிலேயே வேலை பார்த்தவள் சொல்கிறேன், பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும்போதுதான் எல்லாரும் அலறிக்கொண்டு வருவார்கள். 15 வருஷத்துக்குள் பெயர் சேர்க்கலாம், தாமதக் கட்டணம் சொற்பம்தான். உங்கள் இருவர் பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் இருவருக்கும் குடும்பப் பெயர்ப் பகுதியில் மாப்பிள்ளையின் பெயரை ஒரே மாதிரி போடுங்கள். இவனுக்கு இனிஷியல், அவளுக்கு முழுப் பெயர் என்று விட்டால் ஜெர்மன் அலுவலகத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றே நம்ப மாட்டார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்திட்ட விண்ணப்பக் கடிதமும் அடையாள அட்டை நகல்களும் கூரியரில் அனுப்பு. திங்கட்கிழமை அப்பா மாநகராட்சிக்குப் போகிறார்.

அன்புடன்,
அம்மா