பில் வந்துவிடும் என்கிற மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

அம்பத்தூரிலிருந்து குன்றத்தூருக்குக் கடிதம் எழுத வேண்டுமா என்று உனக்குத் தோன்றலாம். நீ பள்ளிகளுக்குச் செய்து கொடுத்த சரக்குக்கு அரசுத் துறையிடமிருந்து பணம் வந்ததா என்று தொலைபேசியில் நான் கேட்டால், "பில் வந்துடும்பா" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். ஆகவேதான் எழுதுகிறேன். வேறொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

பள்ளிகளுக்கு இரும்பு மேசையும் பெஞ்சும் செய்து கொடுக்கும் ஆணையை யாருடைய சிபாரிசும் இல்லாமல் குறைந்த விலைப்புள்ளி கொடுத்து நீ வாங்கியபோது நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வருவதற்கு முன்பு, எவருடைய உறையை எப்போது பிரித்தார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாமல் போனதுண்டு. இன்று முதலில் தொழில்நுட்ப உறையையும், அதில் தேறியவர்களுக்கு மட்டும் விலை உறையையும் கணினியில் திறக்கிறார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை நீ உன் மேசையிலிருந்தே பார்த்துவிடுகிறாய். டெண்டர் எடுப்பது இந்த அளவுக்கு மாறிவிட்டது. சரக்கு கொடுத்த பிறகு பணம் வாங்குவதுதான் நான் தொழில் தொடங்கிய காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.

உன் பில் எங்கே நிற்கிறது என்பதை நீ சொல்லாமலே என்னால் ஊகிக்க முடிகிறது. சரக்கு இறக்கிய ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரின் கையொப்பம், பள்ளி முத்திரை, இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் ஏற்றப்பட்டது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் சலானில், அதாவது சரக்கு ஒப்படைப்புச் சீட்டில், இருக்க வேண்டும். லாரி ஓட்டுநர் கையொப்பத்தையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பக்க எண்ணைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஓர் எண் விடுபட்ட ஒரே சலானுக்காக முழு பில்லும் திரும்பும். நாம் அதைச் சரிசெய்து கொண்டுபோய்க் கொடுக்கும்போது பிரிவு எழுத்தர் மாற்றலாகியிருப்பார், புதியவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார், அதற்குள் மார்ச் 31 கடந்து அந்த ஆண்டின் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், பிறகு புதிய ஒதுக்கீடு வரட்டும் என்று சொல்லிவிடுவார்கள். இதற்கிடையில், பில் போட்ட மாதத்துக்கு மறுமாதமே 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யை நீ அரசுக்குக் கட்டிவிட்டாய். கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டியவள் நீ. அதற்கு ஒரு நாள் தாமதித்திருந்தாலும் உன்னிடம் வட்டி கேட்டிருப்பார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அதனால் நான் சொல்வதைக் கவனமாகக் கேள், அம்மா. எதையும் எழுத்தில் வாங்கு. "மேடம், அடுத்த வாரம் பாஸ் ஆகிவிடும்" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், அன்று மாலையே "இன்று நேரில் வந்தபோது தாங்கள் தெரிவித்தபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தில் நமக்கு இருக்கும் பலம் நீ நினைப்பதைவிடப் பெரியது. சரக்கைப் பெற்றுக்கொண்ட 15 நாட்களுக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு இறங்கிய நாளிலேயே அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அந்த நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் எந்த ஒப்பந்தமும் தவணை வைத்துக்கொள்ள முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் அசலில் ஏறும் கூட்டு வட்டி. பெயின்ட் சரியில்லை, வெல்டிங் சரியில்லை என்று அவர்கள் வாயால் சொன்னதெல்லாம் செல்லாது. உனக்கு அப்படி எழுதிய கடிதம் ஏதாவது வந்ததா? வரவில்லை என்றால் உன் கணக்கு சலான் தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

பணம் தாமதமானால் முறையிட மத்திய அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் உன் உத்யம் எண்ணை, அதாவது சிறு நிறுவனப் பதிவு எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால், அது இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதற்கு மேலும் இழுக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள். ஆனால் தீர்ப்பு உன் பக்கம் வந்துவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போக அவர்கள் முதலில் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டியாக வேண்டும்.

விண்ணப்பித்தால் அடுத்த டெண்டரில் ஒதுக்கிவிடுவார்கள் என்று நீ அஞ்சுவதாக மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னார். அந்த அச்சத்தினால்தான் இந்தச் சட்டம் பாதிப் பேருக்குப் பயன்படாமல் கிடக்கிறது. விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் யாரையும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே சொல்லியிருக்கிறது. முணுமுணுப்பார்கள், ஒரு கோப்பைத் தாமதப்படுத்துவார்கள். அதற்கு மேல் உன்னை என்ன செய்துவிட முடியும்? இப்போதும் தாமதம்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்?

இனி நான் கேட்க நினைத்தது. வீட்டுப் பத்திரத்தின் நகல் வேண்டும் என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். எதற்கு என்று எழுதவில்லை. அடுத்த ஆணையை ஒழுங்காக முடிப்பதற்குப் பிணையாகக் கட்டும் காப்புத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் வேண்டும், அதற்கு வங்கி ஈடு கேட்கிறது என்று நானாகவே புரிந்துகொண்டேன். உத்யம் பதிவு இருப்பதால், டெண்டர் போடும்போதே கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையில் உனக்கு விலக்குக் கிடைத்தது. காப்புத் தொகைக்கு அந்த விலக்கு இல்லை, முந்தைய ஆணைக்குக் கட்டியதோ இன்னும் அவர்களிடமே இருக்கிறது. முதல் ஆணையின் பணம் வராத நிலையில், அதே துறைக்கு இன்னும் குறைந்த விலை போட்டு இரண்டாவது ஆணையை எடுத்து, அதற்கு இந்த வீட்டை ஈடாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீ விலை போட்டு, அவர்கள் ஆணை கொடுப்பதற்குள் மேசைக்கு வாங்கும் சி.ஆர். ஷீட் என்ற எஃகுத் தகட்டின் விலை ஏறினால் அந்த வித்தியாசத்தை யார் கொடுப்பார்கள்? சித்தப்பாவின் கட்டில் ஆர்டரைப் பற்றி நான் மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடத் தீபாவளியன்று நீயும் அவர் வீட்டுக்கு வந்திருந்தாய்.

வீடு உனக்கில்லை என்று நான் சொல்லவில்லை. உனக்கும் தம்பிக்கும் சேர வேண்டியதுதான். ஆட்களுக்குச் சம்பளம் நிற்கிறது என்றால் அதற்கு வேண்டியதை நான் தருகிறேன். வைப்புத் தொகை ஒன்று அடுத்த மாதம் முதிர்கிறது. நீ என்னிடம் கேட்டிருக்கலாம் என்பதுதான் எனக்கு வருத்தம். பட்டறைக்குப் பூஜை போட்ட அன்று, எந்தக் கணக்கையும் என்னிடம் மறைக்க மாட்டேன் என்று நீயாகத்தான் சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை வா. கொள்முதல் ஆணை, எல்லாச் சலான்களின் அசல், ஜி.எஸ்.டி. கட்டிய ரசீதுகள், இதுவரை அவர்களுக்கு அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு வா. பக்க எண் விடுபட்ட சலான்களைத் தனியாகக் கட்டிவை. அந்தப் பள்ளிகளுக்கு நானே போய் எழுதி வாங்கிவருகிறேன், எனக்கு இப்போது நேரத்துக்குக் குறைவில்லை. வட்டிக் கணக்கை இருவரும் உட்கார்ந்து போட்டு, அன்றைக்கே விண்ணப்பத்தை ஏற்றிவிடலாம். டிஜிட்டல் கையொப்பச் சாவியையும் மறக்காதே, அடுத்த டெண்டரின் நிபந்தனைகளையும் பார்த்துவிடலாம். வங்கி எவ்வளவு கேட்கிறது என்பதை அம்மா எதிரில் சொல்ல வேண்டாம், என்னிடம் மட்டும் சொல்.

இப்படிக்கு,
அப்பா