ஆர் கண்டது?

மட்டக்களப்பு

அன்புள்ள மகள்,

முந்தாநாள் சாமம் இரண்டு மணிக்கு நீ கோல் எடுத்து "அப்பா, உன்னிச்சைக் குளம் உடைஞ்சிட்டாமே, எங்க நிக்கிறீங்க?" என்று அழுதபோது நான் கட்டிலில்தான் கிடந்தேன், கால் நனையவில்லை, உன் அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தா. வான்கதவு திறந்தது உண்மை, மாரியில் திறப்பதுதானே. அதோடு யாரோ எந்த ஊர் வெள்ளத்தின் படத்தையோ சேர்த்துப் போட்டுவிட்டார்கள். உன்னிச்சையில் இருந்து என் வீட்டுக்கு வர அந்தச் செய்தி லண்டனைச் சுற்றி வந்திருக்கிறது.

சிரித்துவிட்டு விடலாம்தான், ஆனால் அம்பாறையை நினை. 2018 பெப்ரவரியில் முஸ்லிம் ஆட்களின் சாப்பாட்டுக் கடையொன்றில் கறிக்குள் கிடந்த மாக்கட்டியைக் கருத்தடைக் குளிசை என்று சொல்லி, கடையில் நின்றவரை மிரட்டித் தலையாட்ட வைத்து எடுத்த வீடியோ பேஸ்புக்கில் ஓடியது. பள்ளிவாசல் அடிபட்டது, கடைகள் அடிபட்டன. அது வெறும் மாதான் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார், அதை ஆர் பகிர்ந்தது? அடுத்த வாரமே கண்டிப் பக்கம் திகனை எரிந்தது, அரசாங்கம் பேஸ்புக்கையே பூட்டியது.

எங்கள் காலத்தில் பற்றரியை வெயிலில் காயவைத்து, ஒரு றேடியோவைச் சுற்றிப் பத்துப் பேர் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்போம். செய்தி முடிந்தால் வாய்த்தர்க்கம் தொடங்கும். ஊருக்குள் ஒரு கதை வந்தால் உன் அப்பப்பா முதலில் கேட்பது "ஆர் கண்டது?" என்றுதான். பொய் அப்போதும் இருந்தது, ஆனால் அது சைக்கிளில் வரும்.

நீ 2007இல் வலைப்பதிவு வைத்திருந்தாயே. பாமினி எழுத்துருவில் தட்டி, யுனிகோடுக்கு மாற்றி, வலைப்பதிவுகளைத் திரட்டும் தமிழ்மணத்தில் சேர்த்துவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இன்ரநெற் கபேயில் மணிக்கணக்காகக் காசைக் கொட்டுவாய். வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து கூடாரங்களில் கிடந்த நேரம். உலைப்பானையை மட்டும் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்த ஒரு கிழவியைப் பற்றி எழுதினாய், பானைக்குள் அவவின் கோழிக்குஞ்சுகள் இருந்தன. பேப்பரில் எத்தனை குடும்பம் என்று தொகைதான் வந்தது. கோழிக்குஞ்சு உன்னிடம்தான் வந்தது, ஏனென்றால் நீ போய்ப் பார்த்தாய்.

அந்த வலைப்பதிவை நான்தான் அழி என்றேன். 2004 மே 31 அன்று பத்திரிகையாளர் நடேசனை இதே ஊரில் வேலைக்குப் போகும் வழியில் சுட்டார்கள். அடுத்த வருசம் இன்னொரு பத்திரிகையாளர் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். அவர் தராக்கி என்ற பெயரில் எழுதினவர், அந்தப் பெயர் அவரைக் காப்பாற்றவில்லை. நீயும் புனைபெயர்தான் வைத்திருந்தாய், ஆனால் கபேக்காரருக்கு உன் முகம் தெரியும். அப்படிச் சொன்னதற்கு இப்போதும் மன்னிப்புக் கேட்கமாட்டேன், கவலை இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது காலம் வேறு. 2023இல் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது, மாடு காயப்பட்டுக் கிடந்த படங்கள் நிருபர் போய்ச் சேர முதலே என் போனுக்கு வந்துவிட்டன. நல்ல விசயம். ஆனால் பின்னேரத்துக்குள் அது பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் கீழே போய்விடும், மறுகா தேடினாலும் கிடையாது. யார் பொய் சொன்னது என்று தீர்மானிக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று 2024இல் ஒன்று கொண்டுவந்தார்கள், அதை நம்பி நானும் வாயைத் திறக்கமாட்டேன்.

சரி மகள், அந்தக் கிழவியைப் பற்றி எழுதினதின் கொப்பி எங்கேயாவது உன்னிடம் கிடக்குதா? இருந்தால் எழுத்தைப் பெரிசாக்கி அனுப்பு. பானைக்குள் இருந்தது இரண்டு குஞ்சா மூன்றா என்று இரண்டு நாளாக உன் அம்மாவோடு சண்டை.

அப்பா