நொதியின் வேகத்தை அளப்பது பற்றி, களியக்காவிளையிலிருந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா தேறி வருவதை அறிந்து நிம்மதி அடைந்தேன். அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். கொழிஞ்சாம்பாறையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரலின் நிலையை அறிய அளக்கும் நொதியான (என்சைம்) எஸ்.ஜி.பி.டி. 38 என்றும், அதே வாரம் கோயம்புத்தூரில் எடுத்ததில் 49 என்றும் வந்திருப்பதைச் சொல்லி, எந்த லேப் தவறு செய்தது என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே சரியாக இருக்கலாம் என்பதே என் பதில். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வேதியியல் ஆசிரியரான நீ இதை வகுப்பிலும் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

சர்க்கரையையோ உப்பையோ அளப்பதுபோல இந்த நொதியின் எடையை லேபில் யாரும் அளப்பதில்லை. அது செய்யும் வேலையின் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் திறன் ஒரு யூனிட். எனவே லிட்டருக்கு 38 யூனிட் என்றால், அந்த லேபின் வெப்பநிலையிலும் கரைசலிலும் ஒரு லிட்டர் சீரம் நிமிடத்துக்கு 38 மைக்ரோமோல் அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் என்று பொருள். நிபந்தனை மாறினால், ரத்தம் அதேதான் என்றாலும் எண் மாறும். முன்பு 25, 30 டிகிரியிலும் அளந்தார்கள், இப்போது பெரும்பாலும் 37 டிகிரி. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி6-இலிருந்து வரும் பிரிடாக்சல் பாஸ்பேட் அதனுடன் சேர்ந்திருக்க வேண்டும்; சீரத்தில் ஒரு பகுதி நொதி அது இல்லாமல் சும்மா கிடக்கிறது. சர்வதேசத் தர முறை பிரிடாக்சல் பாஸ்பேட்டைச் சேர்த்தே அளக்கிறது, பல கிட்டுகளில் அது இருப்பதில்லை. சேர்த்தால் சும்மா கிடந்ததும் வேலைக்கு வந்து எண் கூடும். ஆகவே அம்மாவின் மதிப்பை அந்தந்த லேப் அச்சிட்டிருக்கும் இயல்பு எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். தொடர்ந்து கவனிப்பதானால் ஒரே லேபில் எடுப்பதே நல்லது, மற்றதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

அளக்கும் வழியும் அழகானது. அலனினிலிருந்து பைருவேட் உண்டாகிறது. உடன் சேர்த்திருக்கும் இரண்டாவது நொதி அதை லாக்டேட்டாக மாற்றும்போது என்.ஏ.டி.எச். என்ற துணைப்பொருள் செலவாகிறது. என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும், செலவானபின் உறிஞ்சாது. அந்த உறிஞ்சல் நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதிலிருந்து கணக்கு வருகிறது. இரண்டாவது நொதியைத் தாராளமாக ஊற்றிவைப்பது கட்டாயம். இல்லையென்றால் நாம் அளப்பது இரண்டாவது நொதியின் வேகமாகிவிடும்.

மூடிய கொட்டகைக்குள் எத்தனை பேர் தேங்காய் உரிக்கிறார்கள் என்பதை வெளியே வந்து விழும் காய்களை எண்ணிச் சொல்வதாக வைத்துக்கொள். உள்ளே காய் குவிந்து கிடக்கும்வரை அந்தக் கணக்கு நிற்கும், காய் குறையத் தொடங்கினால் ஆட்கள் குறைந்ததாகத் தோன்றும். ஆகையால் தளப்பொருள், அதாவது நொதி மாற்றும் பொருள், நிறைய இருக்கும் ஆரம்ப நிமிடங்களின் வேகத்தையே நம்ப வேண்டும். 1913-இல் பெர்லினில் லியோனர் மைக்கேலிசும், கனடாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்த மருத்துவரான மாட் மென்டெனும் இன்வர்டேஸ் நொதியில் இதையே செய்தார்கள்: அமிலத்தன்மையைத் தாங்கல் கரைசலால் நிலைநிறுத்தி, ஆரம்ப வேகங்களை மட்டும் எடுத்தார்கள். உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான தளப்பொருளின் செறிவு இன்றும் மைக்கேலிஸ் மாறிலி என்றே அழைக்கப்படுகிறது.

எங்கள் கல்லூரியில் இந்தப் பருவத்துக்கு மரச்சீனிக் கிழங்கின் லினமரேஸ் நொதியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முழுச் செல்லில், நச்சுக்கு மூலமான லினமரின் என்ற பொருளும் அதை வெட்டும் இந்த நொதியும் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. துருவும்போது செல் உடைந்து இரண்டும் கலக்க, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது. துருவி உலர்த்தினால் நச்சு நன்றாகக் குறைவதும், பெரிய துண்டுகளைக் கொதிநீரில் போட்டால் நொதி சீக்கிரமே அழிந்து லினமரின் கிழங்கிலேயே தங்கிவிடுவதும் இதனால்தான். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டும் நம் வீட்டு வழக்கம், அதில் கரைந்திறங்கிய லினமரினையும் சேர்த்தே வெளியேற்றுகிறது.

அளப்பதற்கு லினமரினுக்குப் பதிலாக பாரா-நைட்ரோபீனைல் பீட்டா-குளுக்கோசைடைக் கொடுக்கிறோம். நொதி வெட்டியதும் பிரியும் நைட்ரோபீனால், சோடியம் கார்பனேட் ஊற்றியவுடன் மஞ்சளாகிறது. அதே கார்பனேட் நொதியையும் நிறுத்திவிடுகிறது. 0.1 மில்லி சாற்றை 10 நிமிடம் வைத்து, கார்பனேட் சேர்த்து மொத்தம் 2 மில்லி ஆனபின் 405 நானோமீட்டரில் கருவி ஒளி உறிஞ்சலை 0.36 என்று காட்டுவதாகக் கொள். நைட்ரோபீனாலின் ஒளி உறிஞ்சல் கெழு சுமார் 18,000 என்பதால் மில்லிக்கு 0.02 மைக்ரோமோல், மொத்தம் 0.04, பத்து நிமிடத்தால் வகுத்தால் 0.004 யூனிட், அதாவது சாற்றில் மில்லிக்கு 0.04 யூனிட். சாற்றில் மில்லிக்கு 0.2 மில்லிகிராம் புரதம் இருந்தால் மில்லிகிராமுக்கு 0.2 யூனிட். நொதியைத் தூய்மைப்படுத்தத் தூய்மைப்படுத்த இந்தக் கடைசி எண்தான் ஏறிக்கொண்டே போகும்.

2, 4, 6, 10 நிமிடப் புள்ளிகள் நேர்கோட்டில் அமராவிட்டால் இந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. அப்போது சாற்றை நீர்க்கச் செய்து மீண்டும் தொடங்குவோம். கிழங்குச் சாறு தானே பழுப்பேறும் என்பதால், முதலில் கார்பனேட்டையும் பிறகு சாற்றையும் ஊற்றிய ஒரு குழாயைத் தனியே வைத்து அதன் உறிஞ்சலைக் கழிக்கிறோம். இந்த ஒரு குழாயை விட்டுவிட்டால், நொதி இல்லாத நிறத்தையெல்லாம் நொதியின் கணக்கில் எழுதிவிடுவோம்.

கருவி இல்லாத உன் பள்ளியிலும் இதைச் செய்யலாம். மரச்சீனி மாவைக் காய்ச்சி ஆறவைத்த கஞ்சியில் நீர் கலந்த உமிழ்நீரைச் சேர்த்து, அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து வெள்ளை ஓட்டில் அயோடினோடு கல. நீலம் வராமல் போகும் நேரத்தைக் குறித்துக்கொள். உமிழ்நீரைப் பாதியாக நீர்த்துத் திரும்பச் செய்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். கொதிக்கவைத்த உமிழ்நீரோடு ஒரு குழாயும் கட்டாயம் இருக்கட்டும். பிள்ளைகள் குறித்த நேரங்களை வெப்பநிலையோடு சேர்த்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்