சென்சார்களுக்குக் கட்டளை போய்ச் சேர்வது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூலையில் வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவுக்குப் பிறகு, மலைச்சரிவுகளில் கம்பியில்லா சென்சார்களைப் பொருத்த வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் பல ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய வலையமைப்பை நிறுவியிருப்பதால் இது புதிய யோசனையும் அன்று. ஆனால் சென்சார்களிடமிருந்து வரும் தகவலைப் பற்றியே பேசுகிறோம். மழை வலுக்கும்போது, ‘இனி நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்பு’ என்ற கட்டளை அத்தனை சென்சார்களுக்கும் எப்படிப் போய்ச் சேரும் என்று யாரும் கேட்பதில்லை.

கட்டளையைக் கேட்ட ஒவ்வொரு கருவியும் அதை மறுபடி ஒலிபரப்புவதே எளிய வழி. மாணவர் சிலருடன் ஒரு தென்னந்தோப்பில் இருபது கருவிகளை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறேன். நெருக்கமாக இருந்தவை ஒரே நேரத்தில் பேசி ஒன்றின் பேச்சை மற்றொன்று கெடுத்துக்கொண்டதில், மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்த இரண்டு மட்டும் மறுநாள் காலையிலும் பழைய கணக்கிலேயே அளந்துகொண்டிருந்தன.

கணினி ஆய்வாளர் பிலிப் லெவிஸும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகச் சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ‘டிரிக்கிள்’ முறையில் ஒவ்வொரு கருவியும் தன்னிடமுள்ள கட்டளையின் பதிப்பு எண்ணை (அது எத்தனையாவது கட்டளை என்பதை) மட்டும் அவ்வப்போது சொல்லும். அதே எண்ணை அக்கம்பக்கத்துக் கருவிகள் போதிய முறை சொல்லிவிட்டால் அந்தச் சுற்றில் வாயைத் திறக்காது. வேறுபாடு தென்படாதவரை சுற்றின் நேரம் இரட்டித்துக்கொண்டே போய் ஒரு மணி நேரம்வரை நீளலாம்; வேறொரு எண் காதில் விழுந்த கணமே அது நொடிக்கணக்குக்குச் சுருங்கி, பின்தங்கிய கருவிக்குப் புதிய கட்டளை போய்ச் சேரும். 2011-இல் ஆர்எஃப்சி 6206 என்ற இணையத் தரநிலை ஆவணமாகவும் வந்துவிட்ட இதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

பேச்சைக் குறைத்தால் மட்டும் பேட்டரி மிஞ்சிவிடாது. இவ்வகைக் கருவிகளில் பரவலாகப் பயன்பட்ட சிசி2420 என்ற ரேடியோ சில்லு பேசுவதற்குச் சுமார் 17 மில்லி ஆம்பியரும், வெறுமனே காது கொடுத்திருப்பதற்குச் சுமார் 19 மில்லி ஆம்பியரும் எடுத்துக்கொள்ளும். இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரிகள் இரண்டு ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டா.

எனவே டெண்டர் கோரும் அதிகாரிகள் கருவிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஒரு கட்டளை கடைசிக் கருவியை எட்ட எவ்வளவு நேரமாகிறது, அதற்காக ரேடியோக்கள் எவ்வளவு நேரம் விழித்திருந்தன என்ற இரு கணக்குகளையும் கேட்க வேண்டும். அந்தச் சோதனையும் அலுவலகக் கூடத்தில் அல்லாமல், நனைந்த சரிவிலேயே நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர்,
கோயம்புத்தூர்