இடக்கைக்கும் ஒரு கதிரை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் 13 உலக இடக்கையர் தினம். ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர், நானும் ஒருத்தி. அருவி வெட்டுக்கு, அதாவது நெல் அறுவடைக்குப் போனால் தாக்கத்தியின் (அரிவாளின்) பல்லு வலக்கைக்கே அராவியிருக்கும். என் பிடியில் நெல்தாள் அறுபடாமல் வழுக்கும். தையல் பழகப் போன இடத்திலும் கத்தரிக்கோல் துணியை மடித்ததே தவிர வெட்டவில்லை. சரி, கருவியை விடுவோம். கோயிலில் திருநீறு வாங்க இடக்கையை நீட்டினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு மட்டும் வலக்கையைப் பழக்கிவிட்டேன்.

இப்போது மகளின் முறை. ரியூசன் வகுப்பில் எழுதுபலகை வலப்பக்கம் பூட்டிய கதிரைதான். உடம்பை முறுக்கிக்கொண்டு எழுதுகிறாள். பரீட்சை மண்டபங்களுக்காவது நாலைந்து இடக்கைக் கதிரைகள் வாங்கக்கூடாதா?

(மை அழிந்திருந்தால் மன்னிக்கவும், எழுதிய வரியின் மேலேயே என் கை போகிறது.)

வாசகி,
பரந்தன்