தெய்வத்தின் பெயரைக் கடைசி வரியில் எழுதுங்கள்: அருங்காட்சியகக் குறிப்பு எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழங்காலச் சிலைகளுக்குப் பக்கத்தில் நாலு வரி விளக்கம் எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய பிரான்ஸ் பகுதியான கோல் நாட்டிலிருந்து, விலங்கின் சாயல் உள்ள ஒரு பழைய தெய்வச் சிலை வந்தால், முதல் வரியிலேயே ‘செர்னுன்னோஸ்’ என்று, அந்த மக்களின் கொம்புத் தெய்வத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயரைப் படித்ததும் பார்க்க வந்தவர் “ஓ, கொம்பு வைத்த காட்டுச் சாமியா” என்று அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார். சிலையை யார் பார்க்கிறார்கள்?

சிலர் செர்னுன்னோஸ் என்று கருதும் பூரே சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1845-இல் பாரிஸுக்குத் தெற்கே ஜுயின் ஆற்றில் கிடைத்தது, இப்போது சான்-ஜெர்மான்-ஆன்-லே தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு முழ உயரம், உலோகத் துண்டுகளை இணைத்துச் செய்தது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, பின்னால் வாரிவிட்ட முடி, கழுத்தில் அந்த மக்கள் அணிந்த பருத்த வளையம். கைகள் இல்லை. கண்களில் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது, வெள்ளையும் நீலமுமாகக் கண்ணாடியில் பதித்த கண், அது நம்மையே பார்ப்பது போல இருக்கும். அப்புறம் கீழே இத்துனூண்டு கால்கள் சம்மணம் போட்டிருக்கின்றன, பாதம் இருக்க வேண்டிய இடத்தில் மான் குளம்பு!

கொம்பு எங்கே? இல்லை. செர்னுன்னோஸின் பெயரும் உருவமும் சேர்ந்தே கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான், பாரிஸ் நோத்ர தாம் ஆலயத்துக்கு அடியில் 1711-இல் கிடைத்த படகோட்டிகள் தூணில். ரோமப் பேரரசர் திபேரியுஸ் ஆட்சிக்காலத்தில் நிறுத்திய அந்தத் தூணில் கிளைக்கொம்பு தெளிவாக இருக்கிறது, கொம்புக்கு ஒன்றாக வளையமும் தொங்குகிறது. எத்தாங்-சுர்-அரூவில் கிடைத்த இன்னொரு சிறிய வெண்கல உருவத்துக்கும் தலையில் கொம்பு செருகும் துளைகள் உண்டு, மடியருகே ஆட்டுத்தலைப் பாம்புகளும் உண்டு. அதைச் செர்னுன்னோஸ் என்றால் சரி, ஒப்புக்கொள்ளலாம். பூரே சிலைக்கு இருப்பது குளம்பும் சம்மணமும் மட்டும்.

சம்மணம் ஒரு சான்றே இல்லை என்பது என் கருத்து. தெற்கு பிரான்ஸில் ரோக்பெர்த்தூஸில் கிடைத்த கற்சிலைகளும் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றைப் போர்வீரர்கள் என்கிறார்கள். கோல் மக்கள் நாற்காலி இல்லாமல் ஓநாய்த் தோலையும் நாய்த் தோலையும் தரையில் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோருஸ் எழுதிவைத்திருக்கிறார். தரையில் உட்காருகிற மக்கள் தங்கள் தெய்வத்தையும் தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே? இதைப் பார்த்தவுடன் யோகாசனம் என்று சொல்லி கொம்போடு ஓர் உருவம் உட்கார்ந்திருக்கும் மொகஞ்சதாரோ முத்திரையோடு முடிச்சுப் போடுகிறவர்கள் நம் ஊரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்கள் எழுதும் நாலு வரிதான் அவர்களுக்கும் ஆதாரமாகப் போகிறது.

தெரிந்த பெயரை ஒட்டிவிடும் இந்த வேலையைத்தான் ஜூலியஸ் சீசரும் செய்தார். கோல் மக்கள் எல்லோருக்கும் மேலாக வணங்குவது மெர்க்குரியை என்று தன் ரோமத் தெய்வத்தின் பெயரை ஒட்டிவிட்டார், அவர்களே என்ன சொல்லி அழைத்தார்கள் என்று எழுதவில்லை. துருயிது எனப்பட்ட அந்த மக்களின் குருமார்களோ தங்கள் போதனையை எழுத்தில் வைக்கக்கூடாது என்று இருந்தவர்கள். கதை போய்விட்டது, உருவம் மட்டும் நம் கைக்கு வந்திருக்கிறது. அதனால்தான் உருவத்தைப் பொறுமையாகப் பார்க்கச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது.

ஆகவே ஒரு கோரிக்கை. முதல் வரியில் குளம்பைச் சொல்லுங்கள். அடுத்து அந்தக் கண்ணை, கழுத்து வளையத்தை, ஆற்றில் கிடைத்ததை. பெயரைக் கடைசியில் வைத்து, “இப்படிச் சிலர் கருதுகிறார்கள், காரணம் இது” என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்திலேயே ரோக்பெர்த்தூஸ் சிலையின் படம் ஒன்றை மாட்டினால் பார்ப்பவரே ஒப்பிட்டுக்கொள்வார். விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், பெட்டியையும் பள்ளிப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வையுங்கள். மேலேயிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் அந்தக் குளம்புகள் நிழலில் போய்விடும்.